எலிக்கு பூஜ்யம், புலிக்கு ஆறு

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு என் அக்கா மகள் என்னை ஒரே கேள்வியில் மடக்கிவிட்டாள். அவளுக்குப் பதினைந்து வயது. எனக்கு நாற்பத்திமூன்று. பதினோரு வருடமாக நான் டிஎம்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே ஆடும் ஆட்டம். ஆளுக்கொரு பாத்திரம். டிஎம் என்கிற டன்ஜன் மாஸ்டர் கதையை நடத்துவார். காவலாளி, கடைக்காரர், பூதம், புலி எல்லாருக்கும் அவர்தான் குரல். ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது பக்கப் பகடையை உருட்டி, கூடவே பாத்திரத்தின் திறமை எண்ணைக் கூட்டிப் பார்க்க வேண்டியதுதான். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை நடக்கிறது. வரைபடம் பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம். காவலாளிகள் சோழிகள். வீரர்கள் சட்டைப் பொத்தான்கள். எதிர்வீட்டுப் பையன் ஒருவன், என் கல்லூரி நண்பன், அவன் மனைவி, அக்கா மகள், நான்.

அன்றைக்குக் கதையில் ஒரு சிற்றரசன் ஊர்க்காரர்களிடம் பறித்த தானியத்தைக் கல் கிடங்கில் அடைத்து வைத்திருந்தான். வாசலில் இரண்டு காவலாளிகள். கதவுக்கடியில் மூன்று விரல் இடைவெளி. அக்கா மகளின் பாத்திரம் டிரூயிட். வைல்ட் ஷேப் என்ற வித்தையால் மிருகமாக மாறத் தெரிந்தவள்.

"மாமா, நான் எலியா மாறி கதவுக்கடியில போறேன்."

"சரி. ஸ்டெல்த் போடு." ஸ்டெல்த் என்றால் யாருக்கும் தெரியாமல் ஒளிந்து நழுவும் திறமை.

"எவ்வளவு கூட்டணும்?"

மான்ஸ்டர் மேனுவல் என்பது பூதங்கள், பிராணிகளின் எண்களைச் சொல்லும் விதிப்புத்தகம். அதன் கடைசியில் சாதாரண மிருகங்களுக்கென்று ஒரு பின்னிணைப்பு உண்டு. புரட்டிப் பார்த்தேன். எலி: டெக்ஸ்டெரிட்டி 11. திறமைகள் என்ற வரியே கிடையாது. "ஒண்ணும் கூட்டாதே. பூஜ்யம்."

புத்தகத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நாலு பக்கம் புரட்டினாள். அவளுடைய டிரூயிட் நிலா வட்டத்தைச் சேர்ந்தவள், அதாவது இரண்டாம் நிலையிலேயே புலி வரைக்கும் மாறலாம். "புலிக்கு +6 போட்டிருக்கு. அப்ப நான் புலியா போறேன்."

எதிர்வீட்டுப் பையன் சிரித்த சிரிப்பில் முறுக்குத் தட்டு கவிழ்ந்தது. சிரிப்பு வேறு, கணக்கு வேறு. விதிப்புத்தகக் காவலாளியின் கவனிப்பு எண் 12. எலியாகப் போனால் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். நூற்றுக்கு 45 வாய்ப்பு. புலியாகப் போனால் 6 விழுந்தாலே போதும்; நூற்றுக்கு 75. இருநூறு கிலோ எடை, ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு வரி. காவலாளியின் காலடியில் போகும் எலியை விட இது சுலபமாகத் தப்புமாம்.

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு" என்றேன். ஒரு டிஎம் சொல்லக்கூடாத வாக்கியம் அது.

"அப்ப புத்தகம் தப்பு மாமா."

மணியைப் பார்த்தேன். 'தொடரும்' போட்டு ஆட்டத்தை முடித்தேன்.

அந்த இரண்டு வாரமும் இதே யோசனைதான். பஸ்ஸில், ஆபீஸில், பல் தேய்க்கும்போது.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்தேன். நாங்கள் ஆடுவது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதில் ஒரு மிருகத்தின் ஸ்டெல்த் எண்ணுக்கு இரண்டே சரக்கு. ஒன்று டெக்ஸ்டெரிட்டி, உடம்பின் லாவகம். 10, 11 என்றால் கூட்ட ஒன்றுமில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டுக்கும் ஒன்று ஏறும். இன்னொன்று ப்ரொஃபிஷியன்சி, அதாவது பழக்கம். அந்த மிருகத்துக்கு ஒளிவது பழக்கம் என்று எழுதியவர் நினைத்தால் இதையும் கூட்டுவார். சாதாரண மிருகங்களுக்கு இது +2. விசேஷக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தால் இரட்டிப்பாகக் கூட்டுவார். மான்ஸ்டர் மேனுவலின் முன்னுரையிலேயே இந்த இரட்டிப்பைப் பற்றி ஒரு வரி இருக்கிறது.

வீட்டுப் பூனைக்கு டெக்ஸ்டெரிட்டி 15. அதற்கு +2, பழக்கத்துக்கு +2, மொத்தம் +4. புலிக்கும் அதே 15தான், ஆனால் பழக்கம் இரட்டிப்பு, ஆகவே +6. சிங்கம் 15, +6. கருஞ்சிறுத்தை 15, +6. ஓநாய் 15, பழக்கம் ஒரு மடங்கு, +4. (எழுதியவர் ஒரு பூனைக்கு 15 போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மற்ற எல்லாவற்றுக்கும் அதையே ஒட்டிவிட்டுப் போயிருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.) எலிக்கு 11, பழக்கம் இல்லை. பூஜ்யம்.

உடம்பு எவ்வளவு பெரியது என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதன் விளைவை முதலையிடம் பார்க்கலாம். சாதாரண முதலைக்கு ஸ்டெல்த் +2. அதே புத்தகத்தில் ராட்சத முதலை ஒன்று இருக்கிறது. லாவகம் அதற்கு ஒரு படி குறைவு, 9. ஆனால் ஸ்டெல்த் +5! காரணம், அந்தப் பழக்க எண் மிருகத்தின் மூர்க்கத்தோடு சேர்ந்து ஏறும். அந்த மூர்க்கத்தை அளக்கும் எண்ணான சேலஞ்ச் ரேட்டிங் 5 என்றால் பழக்கம் +3. அதை இரட்டித்து, லாவகத்துக்கு ஒன்று கழித்தால் 5. வீடு மாதிரி ஒரு முதலை, கட்டில் மாதிரி இருக்கும் முதலையை விட நன்றாக ஒளியும். அதிகமாகக் கடிக்கும் என்பதால்!

ஆந்தையைப் பாருங்கள். அதன் சிறகின் முன் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி நுண்ணிய இழைகள் உண்டு, பின் ஓரத்தில் குஞ்சம், மேல்பரப்பில் வெல்வெட் போல மெத்தென்ற தூவல். காற்று சீறாமல் வழுக்கிப்போக இத்தனை ஏற்பாடு. பறக்கும் ஓசை எலிக்குக் கேட்பதற்குள் நகம் இறங்கிவிடும். இத்தனைக்கும் பிறகு புத்தகத்தில் அதற்கு +3. வீட்டில் பாத்திரத்தை உருட்டும் பூனையை விட ஒன்று கம்மி.

நண்பனிடம் போனில் புலம்பினேன். "எங்கிட்ட பழைய புக் இருக்குடா" என்று மறுநாள் 3.5 பதிப்பைக் கொண்டுவந்து போட்டான். 2003-ல் வந்தது. அட்டை மூலையெல்லாம் கரையான் ருசி பார்த்திருந்தது. அதைத் திறந்தால் வேறு உலகம். ஸ்டெல்த் என்று ஒரு திறமை அங்கே இல்லை. கண்ணில் படாமல் இருக்க ஹைட், காதில் விழாமல் நடக்க மூவ் சைலன்ட்லி என்று இரண்டு. ஹைடில் உடம்பளவுக்கு நேரடிக் கூட்டல் கழித்தல். பூனை, எலி அளவு என்றால் +8. மனிதன் அளவு பூஜ்யம். புலி அளவு −4. யானை அளவு −8. அதற்கு மேல் இனத்துக்கு இனம் தனி போனஸ்.

அந்தப் புத்தகத்தில் எலிக்கு ஹைட் +14. பூனைக்கும் +14. புலிக்கு +3தான், ஆனால் சத்தமில்லாமல் நடப்பதில் புலிக்கு +9, பூனைக்கு +6. புலிக்குக் கீழே ஒரு நட்சத்திரக் குறி போட்டு, உயரமான புல்லிலும் அடர்ந்த புதரிலும் அதன் ஒளியும் போனஸ் +4-லிருந்து +8 ஆகும் என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கிட்டத்தட்டக் கண்ணீர் வந்துவிட்டது. புல்லுக்குள் நிற்கும் புலியும் சிமெண்டுத் தரையில் நிற்கும் புலியும் ஒன்றல்ல என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். மான்களின் கண்ணுக்கு ஆரஞ்சும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நமக்குக் கொடி பிடித்த மாதிரித் தெரியும் அந்த நிறம் மானுக்குப் புல்லோடு புல். அந்த நட்சத்திரக் குறியில் இதெல்லாம் அடக்கம் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

பின் ஏன் தூக்கினார்கள்? 2008-ம் ஆண்டு, நாலாம் பதிப்பிலேயே இரண்டையும் சேர்த்து ஸ்டெல்த் ஆக்கிவிட்டார்கள். பழைய முறையில் ஆடிப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். ஒளிபவர் இரண்டு தடவை உருட்டணும். பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு தடவை, காதுக்கு ஒரு தடவை. ஒவ்வொன்றிலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்தாலும் இரண்டிலும் தப்புவது நாலில் ஒன்றுதான். நாலு பேர் வரிசையாகப் போனால் எவனாவது ஒருவன் நிச்சயம் மாட்டுவான். ஒரு தாழ்வாரத்தைக் கடக்க இருபது நிமிடம்; அதற்குள் டீ ஆறிவிடும். நானே அந்தக் காலத்தில் ஆடியிருந்தால் நானும் தூக்கியிருப்பேன். தூக்கும்போது உடம்பளவும் நட்சத்திரக் குறியும் சேர்ந்து போனதுதான் வருத்தம். ஐந்தாம் பதிப்பில் அந்தக் குறியின் மிச்சம் சில பிராணிகளிடம் மட்டும் இருக்கிறது. ஆக்டோபஸ் தண்ணீருக்குள் ஒளிந்தால் பகடையை இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம் என்பது மாதிரி.

இதோடு விட்டிருந்தால் 'பழைய விதி நல்லது, புது விதி மோசம்' என்று ஒரு கிழவன் புலம்பலாக முடிந்திருக்கும். ஆனால் பழைய புத்தகத்தில் யானைக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தேன். லாவகம் 10, உடம்பளவு −8. ஐந்தாம் பதிப்பில் லாவகம் 9, ஆகவே −1. யானை ஒளியாது, எல்லாருக்கும் கேட்கும் என்பதில் இரண்டு புத்தகத்துக்கும் ஒரே கருத்து.

இங்கேதான் எனக்குச் சண்டை.

நான் வளர்ந்தது கூடலூரில். அப்பாவுக்கு ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. லைன் வீட்டுக்குப் பின்னால் சௌசௌ பந்தல், அதைத் தாண்டி ஒரு பலா மரம், அதற்குப் பக்கத்தில் கக்கூஸ். எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். பலாப்பழ சீசன். ராத்திரி வயிற்றைக் கலக்கி எழுந்தேன். அப்பா மூன்று கட்டை டார்ச்சோடு முன்னால் போனார். பந்தலைத் தாண்டும்போது திடீரென்று நின்றார். டார்ச்சை அணைத்தார். என் தோளை அவர் பிடித்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது; காலையில் பார்த்தால் நாலு விரலும் பதிந்திருந்தது.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. பழுத்து விழுந்து புளித்த பலாவின் வாடையோடு வேறொரு வாடை, மாட்டுக் கொட்டில் மாதிரி, ஆனால் அதை விடக் காட்டமாக. அப்புறம் ஒரு சின்னச் சத்தம். அம்மா முறத்தைக் காற்றுக்கு ஒரு வீச்சு வீசினால் வருமே, அது. காதை அசைத்திருக்கிறது. அப்போதுதான் கண் பழகி, பலா மரத்துக்கு இரண்டு அடிமரம் இருப்பது தெரிந்தது. இரண்டாவது மரம் எங்களிடமிருந்து பதினைந்து அடி.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. அது திரும்பிப் போனதும் தெரியாது. இரண்டாவது மரம் இல்லை, அவ்வளவுதான். விடிந்ததும் அம்மா பந்தலைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பந்தலுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் இருந்த சந்து வழியாகத்தான் வந்து போயிருந்தது. நாங்கள் படுத்திருந்த கட்டிலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர். ஒரு சௌசௌ காய் விழவில்லை. இரவெல்லாம் தெருவையே குரைத்து எழுப்பும் எங்கள் நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து காலை வரை வெளியே வரவில்லை.

யானையின் பாதத்துக்குள், குதிகால் பக்கம், தடிமனான கொழுப்பு மெத்தை இருக்கிறது. எலும்புக்கூட்டைப் பார்த்தால் அது கிட்டத்தட்ட விரல் நுனியில் நிற்கிற மாதிரி இருக்கும். அந்த மெத்தைதான் எடையைத் தாங்கிப் பரவி, சத்தத்தையும் விழுங்குகிறது. நாலைந்து டன் எடை, சருகின் மேல் பஞ்சு மாதிரி. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று நம் ஆட்கள் சொன்னது கோயில் யானையைப் பார்த்து. மணி கட்டியதே, கட்டாவிட்டால் வருவது தெரியாது என்பதால்தானோ என்னவோ.

சரி, ஆட்டத்தை எழுதியவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சினில், லேக் ஜெனிவா என்ற ஊரில், 1974-ல் தொடங்கியவர்கள். அவர்கள் வீட்டுக் கொல்லையில் யானை வராது. அதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் எலி? எலி எல்லா ஊரிலும்தானே இருக்கிறது. எலி ஒளியத் தெரிந்த பிராணி என்பது விஸ்கான்சின்காரருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஏன் பூஜ்யம்?

இதற்கு விடை எனக்குக் கிடைத்தது அந்த முதல் ஆட்டத்தின் விதியில். அதில் மிருகத்துக்கு ஸ்டெல்த் எண்ணே கிடையாது. இரண்டு கூட்டம் சந்திக்கும்போது ஆறு பக்கப் பகடையை உருட்டுவார்கள். 1 அல்லது 2 விழுந்தால் அந்தக் கூட்டம் திடுக்கிட்டுப் போனதாக அர்த்தம். பின்னால் வந்த பதிப்புகளில் சில பிராணிகளுக்கு மட்டும் இந்த வரம்பைக் கூட்டிக் கொடுத்தார்கள். அதாவது அன்றைக்குக் கேட்ட கேள்வி 'இந்த மிருகம் எவ்வளவு நன்றாக ஒளியும்' என்பதே இல்லை. 'இது வீரர்கள் மேல் எவ்வளவு எதிர்பாராமல் பாயும்' என்பதுதான். நாற்பது வருடத்தில் பகடை மாறியது, பெயர் மாறியது. கேள்வி மாறவில்லை.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐந்தாம் பதிப்பின் மிருகப் பட்டியலைத் திரும்பப் படித்தேன். (2023 ஜனவரியில் அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். நான் சொல்லும் ஐந்தாம் பதிப்பு எண்களை யாரும் அதில் சரிபார்க்கலாம்.) பதுங்கி நின்று பாயும் பெரிய பூனைச்சாதி: இரட்டிப்பு. பெரிய சிலந்திகள்: இரட்டிப்பு, +7 வரைக்கும். துரத்தித் துரத்திக் களைக்க வைக்கும் ஓநாய்: ஒரு மடங்கு. கழுதைப்புலி, நரி, நாய்: ஒன்றும் இல்லை, அவற்றுக்குக் கவனிப்பில் மட்டும் பழக்கம். மான்: லாவகம் 16 இருந்தும் பழக்கம் பூஜ்யம், குட்டியைப் புல்லுக்குள் அசையாமல் படுக்க வைத்துவிட்டுப் போகும் பிராணி அது. எலி, வௌவால், பல்லி: ஒன்றும் இல்லை. விலக்குகள் உண்டு, தவளைக்கும் சின்ன நண்டுக்கும் கூடப் பழக்கம் கொடுத்திருக்கிறார்கள். விஷப்பாம்புக்குக் கொடுக்காமல் விட்டதை நான் மன்னிக்கவே மாட்டேன். ஆனாலும் பட்டியலின் போக்கு தெளிவாகத் தெரிகிறது. நம்மைத் தின்ன வருகிறதா, எண் உண்டு. நம்மிடமிருந்து தப்ப ஒளிகிறதா, எண் எதற்கு? நாலு வீரர்கள் சேர்ந்து பல்லி தேடும் கதையை யார் நடத்தப்போகிறார்கள்?

எழுதியவர் எலியாக மாறும் டிரூயிட்டை நினைத்து அந்தப் பக்கத்தை எழுதவில்லை. டிரூயிட்டுகள் பொறுக்கிக்கொள்ளும் திறமைப் பட்டியலில் ஸ்டெல்த் இல்லவே இல்லை, அது வேறு. என் அக்கா மகள் வேட்டைக்காரனுக்காகத் தைத்த சட்டையை எலிக்கு மாட்டப் பார்த்தாள். தொளதொளவென்று இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

இதை வைத்துக்கொண்டு மேசையில் என்ன செய்வது? பழைய +8, −4 பட்டியலைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தாள் தாளாகக் கிறுக்கினேன். கிழித்துப் போட்டேன். எதையும் மாற்றத் தேவையில்லை என்று தோன்றியது. விதியிலேயே ஒரு வரி இருக்கிறது: உன்னைத் தெளிவாகப் பார்க்கக்கூடியவர் முன்னால் நீ ஒளிய முடியாது. ஒளியலாமா கூடாதா என்பதை டிஎம்தான் முடிவு செய்யணும். அது முடிவான பிறகுதான் பகடை. உடம்பளவு அந்த இடத்தில் தானாகவே வந்துவிடுகிறது. புலிக்கு ஒரு புதராவது வேண்டும். எலிக்கு ஒரு சாக்கு மடிப்பு போதும். விளக்கெரியும் கல் தாழ்வாரத்தில் புலிக்கு +6 இருந்தால் என்ன, +60 இருந்தால் என்ன, உருட்டவே விடமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. காவலாளி எலியைப் பார்த்தால்தான் என்ன? தானியக் கிடங்கில் எலி ஒரு செய்தியா? "ஐயோ எலி" என்று சங்கு ஊதி ஊரைக் கூட்டுவானா?

அடுத்த சனிக்கிழமை வந்தது. அக்கா மகள் உட்காரும்போதே புலிப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். நான் மேலே சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னேன். யானைக் கதையைத் தவிர. அது அவளுக்கு அவள் அம்மா வாயால் ஏற்கெனவே தெரியும். அக்கா சொல்லும் கதையில் யானை ஐந்தடி தூரத்தில் இருக்கும்.

"அப்ப எலியா போனா பகடையே வேண்டாமா?"

"வாசல்ல வேண்டாம்."

'வாசல்ல' என்ற சொல்லை அவள் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

எலியாக மாறினாள். கதவை நோக்கி ஓடினாள். ஒரு காவலாளி பார்த்தான். செருப்பைக் கழற்றி வீசினான், படவில்லை, மற்றவன் சிரித்தான். கதவிடுக்கில் நுழைந்தாள். உள்ளே இருட்டு, மூட்டைகள், நெடி. சிற்றரசன் மோசமானவன்தான், முட்டாள் இல்லை. தானியம் வைத்திருப்பவன் கிடங்கில் என்ன வளர்ப்பான்?

"இப்ப ஸ்டெல்த் போடு."

"உள்ள யாரு இருக்கா மாமா?"

"போடு."

9 விழுந்தது. கூட்ட ஒன்றுமில்லை. பூனையின் கவனிப்பு எண் 13. மோப்பத்தில் கெட்டி என்பதால் அதற்கு மேல் 5 சேர்ந்து 18. கண்டுபிடித்துவிட்டது. இப்போது பூனையின் முறை. மிருகமாக மாறினாலும் டிரூயிட்டின் அறிவு அவளுடையதாகவே இருக்கும். அவளுடைய கவனிப்பு எண் 15. மறைப்பு அட்டைக்குப் பின்னால் நான் உருட்டினேன். 14. பூனைக்கு அந்த +4. பதினெட்டு.

"மூட்டை மேல உட்கார்ந்து மோந்து பாக்கற. கோதுமை. கொஞ்சம் ஈரம்." கொஞ்சம் நிறுத்தினேன். "உன் முதுகு மேல என்னமோ விழுது."

எலியின் உயிர்ப்புள்ளி 1. பூனை நகத்தின் சேதம் 1. அடி பட்டதா என்று பகடை உருட்டணும், 10 வந்தால் போதும், 13 வந்தது. வைல்ட் ஷேப்பில் மிருகத்தின் உயிர்ப்புள்ளி தீர்ந்தால் சொந்த உருவம் திரும்பிவிடும். இருட்டுக் கிடங்கில் கோதுமை மூட்டைகள் நடுவே பொத்தென்று ஒரு அரை எல்ஃப் பெண். மூட்டைகள் சரிந்தன. கதவு திறந்தது. பந்தத்தோடு இரண்டு காவலாளிகள். அவள் மடியில், எலி எங்கே போனது என்று புரியாமல் ஒரு பூனை.

"மடியில பூனையைக் கட்டிக்கிட்டு சகுனம் பாக்கறதுன்னா இதுதான்" என்றான் நண்பன். அவன் மனைவி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். நான் அக்கா மகள் முகத்தைப் பார்த்தேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் காலண்டர் தாளில் கிடந்த பூனைச் சோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வந்தது எனக்குத் தெரியவே இல்லல்ல?"

"இல்ல."

"சூப்பர் மாமா."

சண்டை போட்டுத் தப்பித்தார்கள், அது நீளமான கதை. பூனையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அடுத்த தடவை பூனையாகவே போகப்போகிறாளாம். எல்லாக் கணக்கும் போட்டு வைத்திருக்கிறாள். 12-க்கு எதிராக +4, நூற்றுக்கு 65. வீசல் என்று ஒரு பிராணி அதே பட்டியலில் இருக்கிறது, பார்க்கக் கீரிப்பிள்ளையின் தம்பி மாதிரி இருக்கும், +5, இன்னும் நல்ல கணக்கு. அதை அவள் இன்னும் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. சிற்றரசனின் ஆட்கள் இப்போது உஷாராகிவிட்டார்கள். வாசலில் ஒரு மாஸ்டிஃப் நாயைக் கட்டலாமா என்று யோசிக்கிறேன். மோப்பம், காது இரண்டிலும் கெட்டி, கவனிப்பு எண் 13.